கனவில் உதைத்தால் மூளை என்ன சொல்கிறது தெரியுமா?

கனவில் யாரோ ஒருவன் தாக்க வருகிறான். கைக்கு எட்டிய உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்கி அவன்மேல் வீசுகிறார் அந்த மனிதர். நிஜத்தில் அவர் வீசியது தலையணை. அடி வாங்கியது பக்கத்தில் படுத்திருந்த மனைவி!

அந்த மனிதர் ஆலன் ஆல்டா. 'மாஷ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் ராணுவ அறுவைச் சிகிச்சை மருத்துவராக நடித்து உலகப் புகழ் பெற்றவர். கனவில் செய்வதை உடம்பும் கூடவே செய்தால் அது பார்க்கின்சன் நோயின் மிக ஆரம்ப அறிகுறியாக இருக்கலாம் என்று செய்தித்தாளில் வந்த ஒரு கட்டுரையை அவர் படித்திருந்தார். உடனே நரம்பியல் மருத்துவரிடம் போய், மூளையை ஸ்கேன் செய்யுங்கள் என்று கேட்டார். அறிகுறி எதுவுமே தெரியவில்லையே என்று மருத்துவர் தயங்கினார். கை நடுங்கவில்லை, நடை தளரவில்லை, பேச்சு குழறவில்லை. ஆல்டா விடாமல் கேட்டு ஸ்கேன் எடுத்துக்கொண்டார். பார்க்கின்சன் இருந்தது! 2015-ல் நடந்த இதை 2018 ஜூலையில் அவரே தொலைக்காட்சியில் உலகத்துக்குச் சொன்னார்.

நாம் நடுக்குவாதம் என்று சொல்லும் நோய், பலருக்குக் கை நடுங்குவதற்குப் பத்துப் பதினைந்து வருடம் முன்பே ராத்திரிப் படுக்கையில் தன் வருகையைச் சொல்லிவிடுகிறது. அதைக் கேட்கக்கூடியவர் பெரும்பாலும் பக்கத்தில் படுத்திருப்பவர்தான்.

தினமும் ராத்திரி உங்கள் உடம்பு செயலிழக்கிறது, தெரியுமா?

1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கியும் அவருடைய பேராசிரியர் நதானியேல் கிளைட்மேனும் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டார்கள். தூங்குபவரின் மூடிய இமைகளுக்குள் கண்கள் சில நேரங்களில் படபடவென்று ஓடுகின்றன. அந்த நேரத்தில் எழுப்பினால் பெரும்பாலும் கனவு கண்டேன் என்கிறார்கள். அசெரின்ஸ்கி ஆரம்பத்தில் சோதித்தது யாரை தெரியுமா? தன் எட்டு வயது மகனை! இதைத்தான் இன்று ரெம் தூக்கம் என்கிறோம். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை வரும். விடியற்காலை நெருங்க நெருங்க நீளும்.

இந்தக் கனவுத் தூக்கத்தில் மூளை விழித்திருக்கும்போது இருப்பதுபோலவே பரபரப்பாக இருக்கும். ஓடு, அடி, கத்து என்று கட்டளைகள் பிறந்துகொண்டே இருக்கும். ஆனால் கை கால் அசையாது. மூளைத்தண்டில் இருக்கும் ஒரு சின்னஞ்சிறு நரம்பணுக் கூட்டம், வீட்டு மெயின் ஸ்விட்சை அணைப்பதுபோல, தசைகளுக்குப் போகும் கட்டளைகளை அணைத்துவிடுகிறது. கண் அசைவும் மூச்சும் மட்டும் நடக்கும். இந்தப் பூட்டு இருப்பதால்தான் கனவில் கிணற்றில் குதித்தவர் கட்டிலில் பத்திரமாகக் கிடக்கிறார்!

சில சமயம் கண் விழித்த பிறகும் இந்தப் பூட்டு சில நொடி திறக்காமல் இருந்துவிடும். நினைவு இருக்கும், விரலை அசைக்க முடியாது, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். நம் ஊரில் அமுக்குவான் பேய் என்று பயந்தது இதைத்தான். அது மூளைச் சிதைவுக்கு அறிகுறி அல்ல, பயப்பட வேண்டாம். கவனிக்க வேண்டியது இதற்கு நேர் எதிரானதை: கனவு ஓடிக்கொண்டிருக்கிறது, பூட்டு மட்டும் விழவில்லை.

பூட்டு விழாவிட்டால் என்ன நடக்கும் என்பதை முதலில் காட்டியவை பூனைகள். பிரான்ஸின் லியோன் நகரில் மிஷேல் ஷுவே 1960-களில் பூனைகளின் மூளைத்தண்டில் ஒரு குறிப்பிட்ட சிறு பகுதியைச் சேதப்படுத்திப் பார்த்தார். அந்தப் பூனைகள் நன்றாகத் தூங்கின. கனவுத் தூக்கம் வந்ததும் எழுந்தன! இல்லாத எலிமேல் பதுங்கிப் பாய்ந்தன, இல்லாத எதிரியைப் பார்த்துச் சீறின. எதிரே நிஜமாக இருப்பது எதுவும் அவற்றின் கண்ணில் படவில்லை. மனிதர்களுக்கும் இப்படி வரும் என்று மருத்துவ உலகம் உணர இன்னும் இருபது வருடம் ஆயிற்று.

பீரோவின்மேல் பாய்ந்த பெரியவர்

1982. அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரம். மனநல மருத்துவர் கார்லோஸ் ஷெங்க்கைப் பார்க்க 67 வயதுக்காரர் ஒருவர் வந்தார். கனவில் அவர் அமெரிக்கக் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார். பந்து கையில் வந்தது. எதிரே மலைபோல் ஓர் ஆட்டக்காரர். தோளைக் கொடுத்து இடித்தார். விழித்தபோது படுக்கையறை பீரோ முன்னால் நின்றுகொண்டிருந்தார். விளக்கு, கண்ணாடி எல்லாம் கீழே கிடந்தன, தலை சுவரில் மோதியிருந்தது. தூக்க ஆய்வகத்தில் படுக்கவைத்து மின்முனைகளைப் பொருத்திப் பார்த்தார் ஷெங்க். ரெம் தூக்கத்தில் துவண்டிருக்க வேண்டிய தசைகள் முறுக்கிக்கொண்டு நின்றன. லியோன் பூனைகளுக்கு நடந்ததே இந்தப் பெரியவருக்கும்!

ஷெங்க்கும் நரம்பியல் மருத்துவர் மார்க் மஹோவால்டும் இதைப் போன்ற ஐந்து பேரைப் பற்றி 1986-ல் எழுதினார்கள். ரெம் தூக்க நடத்தைக் கோளாறு என்ற பெயர் மறு வருடம் வந்தது. அதுவரை இவர்களை என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள்: மனக்கோளாறு, அடக்கிவைத்த கோபம், கெட்ட சொப்பனம். அடிபடாமல் இருக்கத் தங்களைத் தாங்களே கயிற்றால் கட்டிலோடு கட்டிக்கொண்டு படுத்தவர்களும் உண்டு. அந்த மனிதர்களின் ராத்திரிகளை நினைத்தால் மனம் கனக்கிறது.

ஆச்சரியம் இதோடு முடியவில்லை. இந்த நோயாளிகளை அந்த மருத்துவர்கள் கைவிடாமல் வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். ஐம்பது வயது கடந்த, வேறு நரம்பு நோய் எதுவும் இல்லாத 29 ஆண்கள். 1996-ல் கணக்கெடுத்தபோது அவர்களில் 38 சதவீதம் பேருக்குப் பார்க்கின்சன் வகை நோய் வந்திருந்தது. மாத்திரைக்கு அடங்கும் சாதாரணத் தூக்கத் தொல்லை என்று நினைத்திருந்த விஷயம்! 2013-ல் மறுபடி பார்த்தார்கள். தொடர்ந்து கவனிக்க முடிந்த 26 பேரில் 21 பேருக்குப் பார்க்கின்சன் வகை நோயோ மறதி நோயோ வந்துவிட்டிருந்தது. ஐந்தில் நான்கு பேர்!

ஒரே ஓர் ஊரின் கதையாக இருக்கலாமே என்று சந்தேகம் வருகிறதா? பார்சிலோனாவில் அலெக்ஸ் இரான்சோவின் குழு தனியாகப் பார்த்ததும் ஏறக்குறைய இதே அளவில் வந்தது. 2019-ல் கனடாவின் ரான் போஸ்டுமா தலைமையில் 24 மையங்கள் ஒன்று சேர்ந்தன. 1,280 பேர். வருடத்துக்கு 6.3 சதவீதம் பேர் என்ற வேகத்தில் நோய் வெளிப்பட்டது. 12 வருடக் கணக்கில் அது 73.5 சதவீதம். நரம்பியலில் வேறெந்த ஆரம்ப அறிகுறியும் இத்தனை வருடம் முன்பே இத்தனை உறுதியாகப் பேசியதில்லை என்பதே என் கருத்து.

நோய் மூளையில் கீழிருந்து மேலே ஏறுகிறது, தெரியுமா?

பார்க்கின்சனில் சாகும் நரம்பணுக்கள் நடுமூளையில் இருக்கின்றன. அவை குறைந்தால் டோபமின் என்ற வேதிப்பொருள் குறையும், உடம்பு இறுகும், கை நடுங்கும். இதற்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் ஹைகோ பிராக் 2003-ல் ஒரு வரைபடம் கொடுத்தார். இறந்தவர்களின் மூளைகளைத் துருவிப் பார்த்து, ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் உருக்குலைந்து கட்டிதட்டுவது எங்கே தொடங்குகிறது என்று அவர் வரிசைப்படுத்தினார். முதலில் மூக்கின் மோப்ப நரம்பு முனையிலும், மூளைத்தண்டின் அடியில் வயிற்றையும் குடலையும் ஆளும் பகுதியிலும். அடுத்து அதற்கு மேலே, கனவுப் பூட்டு இருக்கும் இடத்தில். அதற்கும் பிறகுதான் நடுமூளைக்கு ஏறுகிறது! எல்லா நோயாளிகளிடமும் இதே வரிசை இருப்பதில்லை. ஆனாலும் பலருக்கு மோப்பமும் குடலும் கனவும் முதலில் கெட்டு, கை நடுக்கம் கடைசியில் வருவதற்கு இதைவிட நல்ல விளக்கம் இதுவரை வரவில்லை.

மலச்சிக்கலுமா என்று கேட்பீர்கள். ஆமாம்! ஹவாயின் ஹொனலூலுவில் ஜப்பானிய வம்சாவளி ஆண்கள் ஆயிரக்கணக்கானவர்களை நீண்ட காலம் கவனித்த ஆய்வு 2001-ல் சொன்னது: தினம் ஒரு முறைகூட மலம் கழியாதவர்களுக்கு, தினம் ஒரு முறை கழிபவர்களைவிடப் பிற்காலத்தில் பார்க்கின்சன் வருவது 2.7 மடங்கு. இதைப் படித்ததும் மலச்சிக்கல் உள்ள எல்லோரும் கலங்க வேண்டாம். அதற்கு ஆயிரம் காரணம் உண்டு. மல்லிகைப்பூ வாசனை தெரியவில்லை, ரசம் கொதிக்கும் மணம் எட்டவில்லை, வருடக்கணக்கில் மலச்சிக்கல், கூடவே ராத்திரியில் உதை என்று மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

மோப்பம் என்றதும் ஸ்காட்லாந்துச் செவிலி ஒருவரைச் சொல்லாமல் விட முடியவில்லை. தன் கணவரின் உடல் வாடை மாறிவிட்டதை, அவருக்குப் பார்க்கின்சன் என்று தெரிவதற்குப் பல வருடம் முன்பே அவர் உணர்ந்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 12 பேர் போட்டிருந்த பனியன்களைக் கொடுத்துச் சோதித்தார்கள். நோயுள்ள ஆறு பேரையும் சரியாகச் சொன்னார். நோயில்லாத ஒருவரையும் நோயாளி என்று தவறாகச் சொல்லிவிட்டார் என்று குறித்துக்கொண்டார்கள். சில மாதம் கழித்து அந்த ஏழாவது ஆளுக்கும் பார்க்கின்சன் என்று தெரியவந்தது! தோலில் கசியும் எண்ணெய்ப் பசையில் அந்த வாடை எங்கிருந்து வருகிறது என்ற ஆராய்ச்சி இதிலிருந்துதான் கிளம்பியது.

பகலில் சாது, ராத்திரியில் சண்டைக்காரர்

"என்னங்க, நேத்து ராத்திரி யாரோட சண்டை போட்டீங்க?"

இப்படி ஒரு கேள்வியோடு விடியும் வீடுகள் உண்டு. அறுபதைத் தொட்ட, யாரையும் அதட்டிப் பேசாத மனிதர், தூக்கத்தில் கெட்ட வார்த்தை சொல்லிக் கத்துகிறார், காற்றைக் குத்துகிறார். மனைவியின் முகத்தில் அடி விழுகிறது. காலையில் அவர் கூனிக்குறுகிப் போகிறார். மனைவி வெளியே சொல்வதில்லை. சொன்னால் என்ன நினைப்பார்களோ! சில வீடுகளில் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள்.

அந்தக் கனவுகளை ஆராய்ந்தவர்கள் கண்டது மனத்தைத் தொடுகிறது. பெரும்பாலும் அவர் தாக்குபவர் அல்ல, தாக்கப்படுபவர். நாய் துரத்துகிறது, திருடன் வருகிறான், பாம்பு சீறுகிறது. தன்னையோ பக்கத்தில் இருப்பவரையோ காப்பாற்றத்தான் கை ஓங்குகிறது. பகல் குணத்தை அளந்து பார்த்தபோது, மற்றவர்களைவிட இவர்களிடம் முரட்டுத்தனம் கூடுதலாக இல்லை. அடி வாங்கிய மனைவிமார் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. மனசில் வைத்திருந்த வெறுப்பு அல்ல அது.

மருத்துவம் இதற்குப் பெயர் வைப்பதற்கு ஏறக்குறைய நானூறு வருடம் முன்பே, 1605-ல், ஸ்பெயின் எழுத்தாளர் செர்வாண்டிஸ் தன் 'டான் கிஹோட்டே' நாவலில் இதை அப்படியே எழுதிவிட்டார். கிழட்டு வீரர் கண்ணை மூடித் தூங்கியபடியே அரக்கனோடு வாள்சண்டை போடுகிறார். விழித்துப் பார்த்தால் வெட்டுப்பட்டவை சத்திரக்காரரின் திராட்சை மதுத் தோல்பைகள்! பார்சிலோனா தூக்க மருத்துவர்களே இந்தக் காட்சியைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள்.

கனவில் நோய் காணாமல் போகிறது, தெரியுமா?

என்னை மிகவும் உலுக்கிய செய்தி பாரிஸிலிருந்து வந்தது. 2007. இசபெல் ஆர்னுல்ஃபும் சக மருத்துவர்களும் பார்க்கின்சன் நோயாளிகளின் துணைகளிடம் ராத்திரி நடப்பதைப் பற்றிக் கேட்டார்கள். கனவை நடித்துக்காட்டும் நோயாளிகளின் துணைகளில் பதில் சொல்ல முடிந்தவர்கள் 53 பேர். அத்தனை பேரும் ஏதோ ஒரு வகையில் ஒன்றையே சொன்னார்கள்: பகலில் நடக்கத் தள்ளாடுபவர், குரல் எழும்பாமல் முணுமுணுப்பவர், கனவில் கணீரென்று பேசுகிறார், வேகமாகக் கை வீசுகிறார்! ஆய்வகத்தில் வீடியோ எடுத்துப் பார்த்தபோதும் அப்படித்தான் இருந்தது. அசைவு வேகமாக, சீராக, நடுக்கமில்லாமல். பகலில் அந்த உடம்பைப் பிடித்துவைத்திருக்கும் இறுக்கத்தைக் கனவுத் தூக்கத்தின் மூளை எப்படியோ சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. எப்படி என்று முழுதாகப் புரிந்தால் அது பகலுக்கும் உதவக்கூடும்.

வியன்னா, நியூயார்க், சேப்பாக்கம்

தூக்கத்தையும் நடுக்குவாதத்தையும் சேர்த்து முடிச்சுப் போட்ட இன்னொரு நோயும் இருந்தது. முதல் உலகப்போர் காலம். 1917-ல் வியன்னாவின் கான்ஸ்டன்டின் ஃபோன் எகனாமோ ஒரு புதிய மூளைக்காய்ச்சலை விவரித்தார். சிலர் வாரக்கணக்கில் தூங்கினார்கள், சிலர் தூங்கவே முடியாமல் துடித்தார்கள். இறந்தவர்களின் மூளையைப் பார்த்து, ஹைப்போதலாமஸின் பின்பகுதி கெட்டால் ஓயாத தூக்கம், முன்பகுதி கெட்டால் தூக்கமின்மை என்று கண்டுபிடித்தார். மூளையில் தூக்கத்துக்கென்று இடங்கள் இருக்கின்றன என்பது அப்படித்தான் தெரிந்தது! பிழைத்தவர்களில் பலருக்குப் பல வருடம் கழித்து உடம்பு இறுகிச் சிலையாகிப் போனது. 1969-ல் நியூயார்க்கில் நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் அவர்களுக்கு எல்-டோபா என்ற மருந்தைக் கொடுத்தார். பல பத்தாண்டுகளாக அசையாதவர்கள் எழுந்து பேசினார்கள். ஆனால் அந்த விழிப்பு பலருக்கு நிலைக்கவில்லை.

அந்தக் கதை 1990-ல் படமானபோது மருத்துவராக நடித்தவர் ராபின் வில்லியம்ஸ். 2014-ல் அவர் இறந்த பிறகு மூளையைச் சோதித்தபோது லூயி உருண்டைகள் நிறைந்திருந்தன. பார்க்கின்சனில் கட்டிதட்டும் அதே புரதத்தின் உருண்டைகள். கடைசிக் காலத்துக்கு முன்பு அவருக்கு மலச்சிக்கல், தூக்கமின்மை, மோப்பக் குறைவு எல்லாம் இருந்ததாக அவர் மனைவி 2016-ல் நரம்பியல் இதழ் ஒன்றில் எழுதினார். தனித்தனியாகப் பார்த்தபோது எதுவும் எதையும் சொல்லவில்லை.

அந்த எல்-டோபா நம் ஊர் வேலியில் படரும் பூனைக்காலி விதையில் இருக்கிறது, தெரியுமா? 1937-ல் அதைப் பிரித்தெடுத்து ஆய்விதழில் வெளியிட்டவர்கள் தாமோதரனும் ராமசாமியும். இடம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகம், சேப்பாக்கம்! அது பார்க்கின்சனுக்கு மருந்தாகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. இருபது வருடம் கழித்து ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன், ரெசர்பின் என்ற மருந்தைக் கொடுத்து முயல்களை அசையவிடாமல் செய்தார். பிறகு டோபாவைச் செலுத்தி அவற்றை எழுப்பினார். நோபல் பரிசும் பெற்றார். அந்த ரெசர்பின் எங்கிருந்து வந்தது? சர்ப்பகந்தா வேரிலிருந்து! அதற்காகப் பூனைக்காலிப் பொடியை வாங்கித் தானாகச் சாப்பிடக் கூடாது. அதில் மருந்தின் அளவு ஒரே சீராக இருக்காது, வாந்தி முதல் மனக்குழப்பம் வரை கொண்டுபோய் விடும்.

மறதி நோய்க்கும் தூக்கத்துக்கும்?

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். கனவை நடிக்கும் கோளாறு பார்க்கின்சனையும் அதன் நெருங்கிய சொந்தங்களையும் சுட்டுகிறது. அல்சைமரை அவ்வளவாகச் சுட்டுவதில்லை. அல்சைமரில் கேள்வி வேறு: குறைந்த தூக்கம் நோயின் காரணமா, விளைவா? பிரிட்டிஷ் அரசு ஊழியர்கள் ஏறக்குறைய எட்டாயிரம் பேரை 25 வருடம் தொடர்ந்த ஆய்வு, ஐம்பது முதல் எழுபது வயது வரை விடாமல் ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு மறதி நோய் 30 சதவீதம் அதிகம் வந்ததாக 2021-ல் சொன்னது. தூக்கத்தில் மூளை தன் கழிவைக் கழுவுகிறது என்று 2013-ல் எலிகளில் கண்டு உலகமே கொண்டாடியது. 2024-ல் லண்டன் குழு ஒன்று, அப்படி இல்லை, தூக்கத்தில் கழுவுவது குறைகிறது என்று எலிகளிலேயே அளந்து சொன்னது. சண்டை இன்னும் தீரவில்லை. தீர்ந்துவிட்டதாக யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பாதீர்கள்.

யார் கவனிக்க வேண்டும்?

நடுவயது கடந்தவர்களில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இந்தக் கனவுக் கோளாறு இருக்கிறது. குழந்தைகள் முன்ராத்திரியில் அலறி எழுவதும் தூக்கத்தில் நடப்பதும் வேறு. அப்போது கண் திறந்திருக்கும், எழுப்பினால் திருதிருவென்று விழிப்பார்கள், எதுவும் நினைவிருக்காது. கனவுக் கோளாறு பின்ராத்திரியில் வரும். கண் மூடியிருக்கும், பெரும்பாலும் கட்டிலை விட்டு நடந்து போவதில்லை. எழுப்பினால் சட்டென்று தெளிந்து கனவைச் சொல்வார்கள். செய்த அசைவும் சொன்ன கனவும் பொருந்தும்.

உதைப்பதெல்லாம் இதுவே என்றும் முடிவு கட்டக் கூடாது. குறட்டையோடு மூச்சு அடைபடும் ஸ்லீப் ஆப்னியாவிலும் சிலர் இதேபோல் கை கால் வீசுவார்கள். அதற்குச் சிகிச்சை செய்தால் எல்லாம் நின்றுவிடும். மனச்சோர்வு மாத்திரைகள் சிலவும் இதைக் கிளப்பும். அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்துவது ஆபத்து, எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உறுதியாகத் தெரிய ஒரு ராத்திரி தூக்க ஆய்வகத்தில் படுத்துச் சோதிப்பதுதான் வழி. போகுமுன் வீட்டில் செல்போனில் எடுத்த சிறு வீடியோ இருந்தால் மருத்துவருக்குப் பெரிய உதவி.

படுக்கையறையை அன்றைக்கே மாற்றலாம். கண்ணாடிச் சாமான், கூர்முனை மேஜை, அரிவாள்மனை எதுவும் பக்கத்தில் வேண்டாம். துணை கொஞ்ச காலம் தனியாகப் படுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கட்டிலைவிடத் தரையில் பாய் விரித்துப் படுப்பது இவர்களுக்கு நல்லது, விழுவதற்கு உயரமே இல்லை. மெலடோனினோ குளோனசெபாமோ மருத்துவர் தருவார். அவை கனவின் ஆட்டத்தை அடக்கும். உள்ளே நடக்கும் சிதைவை நிறுத்தும் மருந்து இன்றுவரை இல்லை.

அப்படியானால் தெரிந்து என்ன பயன்? மருத்துவர்களே இதில் இரண்டு பக்கம் நிற்கிறார்கள். தடுக்க முடியாததைச் சொல்லி எதற்குப் பத்து வருடம் கலங்கடிப்பது என்பது ஒரு பக்கம். சொல்ல வேண்டும், கேட்க விரும்பினால் முழுதாகச் சொல்ல வேண்டும் என்பது என் பக்கம். கைநடுக்கம் வெளியே தெரியும்போது நடுமூளையின் டோபமின் அணுக்களில் பெரும்பகுதி போய்விட்டிருக்கும். நோயைத் தடுக்கும் மருந்து ஒன்று வந்தால் அதற்கு முன்பே கொடுத்தாக வேண்டும். யாருக்குக் கொடுத்துச் சோதிப்பது? இந்தக் கனவுக்காரர்களுக்குத்தான்! முதுகுத்தண்டு நீரில் கெட்டுப்போன ஆல்ஃபா சைனூக்ளினைப் பிடித்துக் காட்டும் சோதனை, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சரிபார்க்கப்பட்டு 2023-ல் வெளியானது. நடுக்கம் இன்னும் தொடங்காத, கனவில் உதைக்க மட்டுமே செய்யும் பலரிடமும் அந்தப் புரதம் அதில் தெரிந்தது. அப்படிப்பட்டவர்களைப் பெயர் பதிந்து, வருடா வருடம் நடை, மோப்பம், நினைவு எல்லாம் அளந்து, தடுப்பு மருந்துச் சோதனைகளுக்கு ஆயத்தமாக வைத்திருக்கும் குழுக்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இப்போது வேலை செய்துகொண்டிருக்கின்றன.